தொற்றுக் காலத்தில் ஆடுகளம் திறக்கலாமா?

மாணவி, பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

இவ்வாண்டு நம் பள்ளித் தமிழ் இலக்கிய மன்றத்தில் நடைபெற்ற சொற்போர் தோழியர் பலருக்கும் நினைவிருக்கும். “கொள்ளைநோய்க் காலத்தில் கல்லூரிக் குழு விளையாட்டுகளை மீண்டும் தொடங்கலாமா?” என்பது தலைப்பு. தொடங்கலாம் என்று மூவரும், கூடாது என்று மூவரும் பேசினோம். நான் கூடாது என்ற அணியில் இருந்தேன். நாங்கள் தோற்றோம். தீர்ப்பு வழங்கிய சிஸ்டர், “உங்கள் பேச்சில் அச்சம் இருந்தது, வழி இல்லை” என்றார்கள். அந்தச் சொல் பல நாட்கள் என் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிடத்தில் மேடையில் சொல்ல இயலாததையும், சொல்லத் துணியாததையும் இந்த ஆண்டு மலரில் எழுதலாம் என்று எண்ணினேன்.

“முடிந்துபோன நோயைப் பற்றி இப்பொழுது என்ன பேச்சு?” என்று சிலர் கேட்கலாம். கொரோனா உலகளாவிய அவசரநிலை முடிந்தது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்தது உண்மையே. ஆயினும் வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது கொள்ளிடக் கரையில் வாழும் நமக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தண்ணீர் வடிந்த மாதங்களில்தான் கரையைப் பலப்படுத்துவார்கள். அதுபோல, நோயில்லாத இந்நாளிலேயே நோய்க்காலத்தைப் பற்றிச் சிந்திப்பது அறிவுடைமை.

முதலில் நடந்ததைச் சற்று நினைவுகூர்வோம். 2020 மார்ச் 11 அன்று கொரோனா உலகப் பெருந்தொற்று என்று அறிவிக்கப்பட்டது. மார்ச் 24 அன்று, அவ்வாண்டு நடக்க வேண்டிய டோக்கியோ ஒலிம்பிக் ஓராண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. மறுநாள் முதல் நம் நாடு முழுவதும் ஊரடங்கு. பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வே நடக்கவில்லை. அனைவரும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். 2020 சித்திரையில் எங்கள் சமயபுரத்தில் தேர் ஓடவில்லை. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் வேளாங்கண்ணிப் பெருவிழா வெளியூர் மக்கள் இல்லாமலேயே நடந்தது. அம்மன் கோயில் தேரையும் அன்னையின் தேரையும் நிறுத்திய நோய், பந்தை மட்டும் விட்டுவைக்குமா?

கல்லூரி விளையாட்டுக்கும் அதே கதிதான். அகில இந்தியப் பல்கலைக்கழக மாணவர்களுக்கான முதல் கேலோ இந்தியா விளையாட்டு விழா 2020 பிப்ரவரி 22 முதல் மார்ச் 1 வரை புவனேசுவரத்தில் நடந்தது. அது முடிந்த சில நாட்களிலேயே நாடு அடைபட்டது. இரண்டாவது விழா 2022 ஏப்ரல் 24 அன்றுதான் பெங்களூரில் தொடங்கியது. இடையில் இரண்டு ஆண்டுகள்!

இரண்டு ஆண்டு என்பது பெரியவர்களுக்குச் சிறிதாகத் தோன்றலாம். கல்லூரிப் பட்டப்படிப்போ மூன்று ஆண்டு. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆட வயது 25-ஐத் தாண்டக்கூடாது. அப்போட்டியில் பெறும் சான்றிதழைக் கொண்டுதான் நம் பகுதிப் பெண்கள் பலர் இரயில்வேயிலும் காவல்துறையிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்கிறார்கள். பொன்மலையை அருகில் வைத்திருக்கும் திருச்சியில் இதை விளக்க வேண்டுமா? பணக்கார வீட்டுப் பெண்ணுக்கு விளையாட்டு ஒரு பொழுதுபோக்கு. கூலி வேலை செய்பவரின் மகளுக்கு அது ஒரு வாசல். அந்த வாசல் இரண்டாண்டு மூடிக்கிடந்தால், திறக்கும் பொழுது அவள் அங்கு நிற்கமாட்டாள்.

எதிரணித் தோழி இதைச் சொன்னபொழுது அரங்கமே கைதட்டியது. நானும் மனத்துக்குள் கைதட்டினேன் என்பதை இப்பொழுது ஒப்புக்கொள்கிறேன். ஏனெனில் என் அக்கா கல்லூரிக் கபடி அணியில் இருந்தவள். அவளுடைய அணியில் ஆடிய ஒருத்திக்கு 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில், கல்லூரி திறக்குமுன்பே, திருமணம் முடிந்துவிட்டது. “சும்மா வீட்டில்தானே இருக்கிறாள்” என்றார்களாம். கல்லூரி மறுபடி திறந்தது, அவள் வரவில்லை. ஆகவே, மூடிவைத்தால் எந்தத் தீங்கும் இல்லை என்று வாதிடுவது பிழை. மேடையில் நான் அப்பிழையைச் செய்தேன்.

அப்படியானால் திறந்துவிடலாமா? இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும்.

அந்தக் காலத்திலும் விளையாட்டு நடக்கத்தானே செய்தது என்பார்கள். ஆம், நடந்தது. ஐ.பி.எல். கிரிக்கெட் 2020-இல் கடல் கடந்து ஐக்கிய அரபு நாட்டில் நடந்தது. 2021 ஏப்ரல் 9 அன்று சென்னையில் மறுபடி தொடங்கியது. வீரர்களை உயர்ந்த விடுதிகளில் தங்கவைத்தார்கள், வெளியாரைப் பார்க்கவிடவில்லை, அடிக்கடி பரிசோதனை செய்தார்கள். அதைக் ‘குமிழி’ என்று பெயரிட்டு அழைத்தார்கள். அந்தக் குமிழியும் உடைந்தது. 29 ஆட்டங்கள் முடிந்த நிலையில், அணிகளுக்குள் நோய் புகுந்துவிட்டதால் மே 4 அன்று போட்டியை நிறுத்தினார்கள். மிச்ச ஆட்டங்கள் செப்டம்பரில் தொடங்கி மீண்டும் அரபு நாட்டில் நடந்தன. புரோ கபடிப் போட்டி 2021 டிசம்பர் 22 அன்று பெங்களூரில், பார்வையாளர் ஒருவர்கூட இல்லாமல், எல்லா அணிகளையும் ஒரே இடத்தில் அடைத்துவைத்துத் தொடங்கியது. அங்கும் 2022 ஜனவரியில் இரண்டு அணிகள் பன்னிரண்டு பேரைத் திரட்ட முடியாமல் தவித்தன. ஆட்ட அட்டவணையை மாற்ற வேண்டியதாயிற்று.

இவ்வளவு பணமும் இவ்வளவு காவலும் உள்ள இடத்திலேயே இப்படி என்றால், நம் கல்லூரி மாணவி எந்தக் குமிழிக்குள் இருந்தாள்? என் அக்கா காலை ஐந்தரை மணிக்குச் சமயபுரத்தில் பேருந்து ஏறுவாள். நம்பர் ஒன் டோல்கேட்டில் கூட்டம் ஏறும். கொள்ளிடம் பாலம், காவிரிப் பாலம் இரண்டையும் தாண்டிச் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பேருந்து. மாலையில் அதே வழியாகத் திரும்பி வருவாள். அவள் திரும்பி வரும் வீட்டில் பூக்கடை வைத்திருக்கும் அப்பா, அம்மா, அப்பொழுது ஐந்தாம் வகுப்பில் இருந்த நான், அறுபத்தெட்டு வயதான அப்பாயி. ஆட்டக்காரியின் குமிழி என்பது எங்கள் வீட்டின் ஒற்றை அறைதான்.

இன்னொன்றையும் கருத வேண்டும். எல்லா விளையாட்டும் ஒன்றல்ல. கொரோனாக் கிருமி பெரும்பாலும் மூச்சுக்காற்றின் வழியே பரவுவது. திறந்த வெளியில் காற்று அதைக் கலைத்துவிடும். மூடிய அறையில் அது தங்கி நிற்கும். ஓட்டப்பந்தயத்தில் ஒருத்திக்கு ஒரு தனிப் பாதை உண்டு. கைப்பந்திலும் பூப்பந்திலும் இரண்டு அணிகளுக்கு நடுவே ஒரு வலை உண்டு. கபடியில் என்ன இருக்கிறது? பாடிச் செல்பவள் மூச்சை விடாமல் முப்பது விநாடி பாட வேண்டும். எதிரே ஏழு பேர் கைகோத்து நிற்பார்கள். பிடித்தால் ஏழு பேரும் மேலே விழுவார்கள். மூச்சே ஆட்டமாக உள்ள விளையாட்டு அது. மூச்சால் பரவும் நோய்க்கு இதைவிட வசதியான இடம் வேறு உண்டோ?

இனி, மேடையில் நான் சொல்லாததைச் சொல்கிறேன்.

2021 பிப்ரவரி 8 அன்று தமிழ்நாட்டில் கல்லூரிகள் எல்லா ஆண்டு மாணவருக்கும் திறக்கப்பட்டன. நோய் வெகுவாகக் குறைந்திருந்தது. அக்கா இரண்டாம் ஆண்டு. பயிற்சி மறுபடி தொடங்கியபொழுது அவள் அடைந்த மகிழ்ச்சியை நான் மறக்கமாட்டேன். முழங்கால் உறையைத் துவைத்து மாடிக் கொடியில் காயப்போட்டு, காய்ந்துவிட்டதா என்று நாலு முறை போய்ப் பார்த்தாள். மார்ச் மூன்றாம் வாரம் அணித் தேர்வு என்றார்கள். தேர்வுக்கு முந்தின நாள் அணியில் ஒருத்திக்கு உடம்பு சுட்டது. அவள் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தாள். அக்காவிடம் மட்டும் காதோடு சொன்னாளாம்: “சொன்னா வெளிய நிறுத்திடுவாங்கடி. அப்புறம் என் இடத்துக்கு வேற ஆளு வந்துடும்.” அக்கா யாரிடமும் சொல்லவில்லை. தோழியைக் காட்டிக்கொடுக்க மனம் வருமா?

நான்கைந்து நாட்களில் அக்காவுக்கு ரசத்தின் மணம் தெரியவில்லை. அவளும் ஒரு நாள் சொல்லாமல் இருந்தாள். அதே வாரத்தில் கல்லூரிகளை மறுபடி மூடிவிட்டார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் அப்பாயிக்கு மூச்சு வாங்கியது.

அறுபது வயது கடந்தவர்களுக்கு மார்ச் 1 முதல் தடுப்பூசி போட்டார்கள். அப்பாயி போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கி இருபத்தெட்டு நாட்கள் மாரியம்மனே மக்களுக்காகப் பட்டினி இருப்பதாக ஐதீகம். அதற்குப் பச்சைப் பட்டினி விரதம் என்று பெயர். அப்பாயியும் மஞ்சள் சேலை கட்டி விரதம் இருப்பார். “விரதம் முடியட்டும், ஊசி போட்டுக்கலாம்” என்றார். நாங்களும் சரியென்று விட்டுவிட்டோம். ஆகவே பிழை எங்கள் வீட்டிலும் இருந்தது. அதை மறைத்து மற்றவரைக் குறை சொல்வது நேர்மையாகாது.

பதினொரு நாட்கள் மருத்துவமனையில் பிராணவாயு வைத்தார்கள். மருத்துவர்களும் செவிலியரும் முகம் தெரியாத உடையில் வந்து அவரைக் காப்பாற்றினார்கள். அப்பாயி திரும்பி வந்தார். ஆனால் மூச்சு முழுதாகத் திரும்பவில்லை. அதற்குமுன் விடியற்காலையில் ஒரே நடையாகக் கோயிலுக்குப் போய் வந்தவர், இன்று நம் கடைத்தெருவிலேயே இரண்டு இடத்தில் உட்கார்ந்துதான் போகிறார்.

நோய் அக்காவிடமிருந்துதான் வந்தது என்று யாராலும் உறுதியாகக் கூற முடியாது. அப்பாவின் பூக்கடைக்கு நாள்தோறும் நூறு பேர் வந்தார்கள். அப்பாயியும் வாசலில் நாலு பேருடன் பேசிக்கொண்டுதான் இருப்பார். இதை அப்பா பலமுறை எடுத்துச் சொன்னார். அப்பாயியே, “என்னைப் பிடிச்சது காத்துடி, நீ இல்ல” என்றார். அக்கா கேட்கவில்லை. செப்டம்பரில் கல்லூரி திறந்தபொழுது அவள் அணிக்குப் போகவில்லை. பட்டம் முடித்து இன்று ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். அவளுடைய முழங்கால் உறை என்னிடம் இருக்கிறது. நான் பள்ளி அணியில் ஆடும் நாட்களில், ஆட்டம் எப்படி என்று அவள் கேட்பதில்லை, “யாருக்காவது காய்ச்சலா?” என்றுதான் கேட்பாள்.

பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியின் தலையில் இவ்வளவு பெரிய சுமையை ஏற்றியது யார்? மாத்திரை போட்டுக்கொண்டு வந்த தோழியா? நான் வெகுநாள் அப்படித்தான் எண்ணி அவள்மீது கோபம் கொண்டிருந்தேன். இப்பொழுது அப்படி எண்ணவில்லை. உண்மையைச் சொன்னால் இடம் போகும், மறைத்தால் இடம் நிற்கும் என்ற ஏற்பாட்டைப் பெரியவர்கள் செய்து வைத்திருந்தார்கள். அந்த ஏற்பாட்டுக்குள் யாரைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் மறைக்கத்தான் செய்வார்கள்.

இதற்கு மாறான ஓர் ஏற்பாடு எங்கள் ஊரிலேயே நெடுங்காலமாக இருக்கிறது. சமயபுரத்தில் ஒரு வீட்டில் அம்மை போட்டால், “அம்மா வந்திருக்கிறாள்” என்பார்கள். வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். அதைப் பார்த்தவர் உள்ளே நுழையமாட்டார். அந்த வீட்டாரும் வெளியே விசேடங்களுக்குப் போகமாட்டார்கள். மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை நோயாளியை யாரும் வேலைக்கோ பள்ளிக்கோ கூப்பிடமாட்டார்கள். கூப்பிடவில்லையே என்று அவருக்கும் வருத்தம் இல்லை. வரவில்லையே என்று மற்றவருக்கும் குறை இல்லை. நோய் வந்தது அந்த வீட்டுக்கு இழிவாகாது. வேப்பிலையை யாரும் ஒளித்துக் கட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கொரோனாக் காலத்தில் சில ஊர்களில் நோயாளியின் வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். அறிவிப்புத் தாள் ஒட்டினார்கள். வேப்பிலையும் தகரமும் செய்வது ஒரே வேலைதான்: இங்கே நோய் இருக்கிறது, விலகி நில்லுங்கள் என்று சொல்வது. ஆனால் தகரத்துக்கு மக்கள் அஞ்சினார்கள், வெட்கப்பட்டார்கள். வெட்கம் வந்த இடத்தில் மறைத்தல் வந்தது. மறைத்தல் வந்த இடத்தில் நோய் பரவியது.

வேப்பிலையே நோயைத் தீர்க்கும் என்று நான் வாதிடவில்லை. பெரியம்மையை உலகிலிருந்து விரட்டியது தடுப்பூசிதான். 1975-க்குப் பிறகு இந்தியாவில் அந்நோய் இல்லை. 1980-இல் உலகெங்கும் ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்டது. அம்மையை ஒழித்தது ஊசி. அந்த ஊசி எட்டாத காலத்தில், நோயாளியை அவமானம் இன்றி ஒதுக்கிவைத்து அக்கம்பக்கத்தைக் காத்தது நம் முன்னோரின் வழக்கம். இரண்டும் நமக்குத் தேவை என்பதே என் கருத்து.

இது வெறும் ஊர்வழக்கம், விளையாட்டுக்குப் பொருந்தாது என்று கூறுவோர் நம் நாட்டு ஹாக்கி அணிகளைப் பார்க்கட்டும். 2020 ஆகஸ்டில் ஆடவர் அணியினர் வீட்டிலிருந்து பெங்களூர்ப் பயிற்சி முகாமுக்குத் திரும்பியபொழுது, எல்லாரையும் தனித்திருக்கச் செய்து பரிசோதித்தார்கள். தலைவர் மன்பிரீத் சிங் உட்பட ஆறு பேருக்குத் தொற்று இருந்தது. 2021 ஏப்ரலில் மகளிர் அணியினர் விடுமுறை முடிந்து திரும்பியபொழுது, தலைவி ராணி ராம்பால் உட்பட ஏழு வீராங்கனைகளுக்குத் தொற்று இருந்தது. அவர்கள் மறைக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. தனித்திருந்தார்கள், தேறினார்கள். நோய் வந்ததற்காகத் தலைமைப் பதவி போய்விடவில்லை. அதே 2021-இல் டோக்கியோவில் மன்பிரீத் சிங் தலைமையில் நம் ஆடவர் அணி 41 ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கம் பெற்றது. ராணி ராம்பால் தலைமையில் மகளிர் அணி நான்காம் இடம் பெற்றது. உண்மையைச் சொன்னவருக்கும் இடம் உண்டு என்றால் அணி வீழ்ந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அதே டோக்கியோவுக்கு நம் திருச்சி மாவட்டத்திலிருந்து லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவும், திருவெறும்பூர்ப் பக்கத்துச் சுபா வெங்கடேசனும் சென்று தொடர் ஓட்டத்தில் ஓடினார்கள். ஆரோக்கிய ராஜீவ் இடம்பெற்ற ஆடவர் அணி 4 x 400 மீட்டரில் 3 நிமிடம் 0.25 விநாடியில் ஓடி ஆசிய சாதனை படைத்தது. ஊரே அடைபட்டிருந்த காலத்தில் நம் மண்ணின் பிள்ளைகள் எங்கோ பயிற்சி செய்துகொண்டுதான் இருந்தார்கள். ஆகவே முடியும். எப்படி என்பதே கேள்வி.

சிஸ்டர் கேட்ட வழியை என் சிற்றறிவுக்கு எட்டியவரை கூறுகிறேன்.

முதலாவது, எல்லா ஆட்டத்தையும் ஒரே நாளில் தொடங்கக்கூடாது. ஓட்டம், தாண்டுதல், எறிதல் முதலில். வலை குறுக்கே உள்ள ஆட்டங்கள் அடுத்து. கோ-கோவும் கூடைப்பந்தும் பிறகு. கபடி கடைசியில். கபடியை நேசிக்கும் நானே இதைச் சொல்கிறேன்.

இரண்டாவது, ஆடுகளத்தைவிட அதன் சுற்றுப்புறத்துக்கு அதிகம் அஞ்ச வேண்டும். திறந்த மைதானத்தில் ஒரு மணி நேரம் ஆடுவதைக் காட்டிலும், சன்னல் மூடிய வேனில் இருபது பேர் பாட்டுப் பாடிக்கொண்டு போவது ஆபத்து. உடைமாற்றும் அறையும், ஒரே தண்ணீர்ப் பாத்திரமும், விடுதியில் நெருக்கிப் படுப்பதும் அப்படியே. வெளியூர்ப் போட்டி இல்லாமல், அவரவர் கல்லூரிக்குள் ஆடுவதே தொடக்கத்துக்குப் போதும்.

மூன்றாவது, ஆட்டக்காரிக்கு ஊசி போட்டால் போதாது. அவள் வீட்டு முதியவருக்கு முதலில் போட வேண்டும். “இளம்பிள்ளைகளை நோய் என்ன செய்துவிடும்?” என்று எதிரணியினர் கேட்டார்கள். பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, உண்மை. ஆனால் இருமலோ காய்ச்சலோ தெரியுமுன்பே அவர்கள் நோயைப் பிறருக்குக் கொடுக்கக்கூடும். அணியில் பன்னிரண்டு பேர் என்றால், அவர்களுக்குப் பின்னால் பன்னிரண்டு வீடுகள் இருக்கின்றன.

நான்காவது, நோய் வந்து தேறியவளை உடனே களத்தில் இறக்கக்கூடாது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகக் கூட்டமைப்பில் நோய் வந்து தேறிய 1597 விளையாட்டு வீரர்களின் இதயத்தை நுட்பமான கருவியால் பரிசோதித்தார்கள். 37 பேருக்கு இதயத் தசையில் அழற்சி இருந்தது. அவர்களில் ஒன்பது பேருக்கு மட்டுமே வெளியில் அறிகுறி தெரிந்தது. நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்று அதிகம்தான். ஆனால் அந்த இரண்டில் ஒருத்தி நம் தோழியாக இருக்கலாம். மருத்துவர் சொன்ன பிறகு, முதலில் நடை, பிறகு மெல்லோட்டம், பிறகு பயிற்சி, கடைசியில் போட்டி என்று படிப்படியாகத் திரும்ப வேண்டும்.

ஐந்தாவது, எப்பொழுது நிறுத்துவது என்பதைத் தொடங்கும் நாளிலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும். அணியில் இத்தனை பேருக்கு நோய் வந்தால், ஊரில் நோய் இந்த அளவு ஏறினால், ஆட்டம் நிற்கும் என்று மருத்துவர் முன்கூட்டியே வரையறுக்க வேண்டும். கோப்பை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கும்பொழுது எந்தப் பயிற்சியாளருக்கும் நிறுத்த மனம் வராது. அவர்களும் மனிதர்கள்தாமே!

ஆறாவதை இறுதியில் வைத்தாலும், மற்ற ஐந்தும் இதன்மீதுதான் நிற்கின்றன. “எனக்குக் காய்ச்சல்” என்று சொன்னவளின் இடம் அவளுக்காகக் காத்திருக்க வேண்டும். அணித் தேர்வை அவள் தேறி வந்த பிறகு எழுத இடம் தர வேண்டும். அவள் இழந்த நாட்களுக்கு வருகை தர வேண்டும். ஓராண்டுப் போட்டி நடக்காவிட்டால் வயது வரம்பில் ஓராண்டு கூட்டித் தர வேண்டும். இவற்றுக்குப் பணம் ஒன்றும் செலவில்லை. ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். இதைச் செய்ய மனமில்லாத கல்லூரி, எவ்வளவு கிருமிநாசினி தெளித்தாலும், எத்தனை முகக்கவசம் வழங்கினாலும், ஆடுகளத்தைத் திறக்கத் தகுதி பெறவில்லை என்பதே எனது தாழ்மையான கருத்து.

ஆகவே சொற்போரில் நான் எடுத்த கட்சியைச் சற்றே மாற்றிக்கொள்கிறேன். கூடாது என்று முழுமையாகச் சொல்லமாட்டேன். உண்மை சொல்பவள் இழப்படையாத இடத்தில் தொடங்கலாம்; மற்ற இடத்தில் கூடாது.

அன்புத் தோழியரே, இதற்கு நாம் கல்லூரிக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சென்ற மாதம் நம் பள்ளி அணியில் ஒருத்திக்குக் கண்வலி வந்தது. மறுநாள் பக்கத்துப் பள்ளியுடன் ஆட்டம். அவள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து நின்றாள். “சும்மா தூசி விழுந்திடுச்சு” என்றாள். அக்காவின் முகம் என் கண்முன் வந்தது. நான் அணித் தோழியரை அழைத்துப் பேசினேன். நாங்கள் ஆறு பேரும் பி.டி. டீச்சரிடம் போய், “அவள் வந்த பிறகு அவள் இடத்திலேயே ஆட வேண்டும், டீச்சர்” என்று கேட்டோம். டீச்சர் சிறிது நேரம் யோசித்துவிட்டுச் சரியென்றார்கள். அதைக் கேட்டபிறகுதான் அவள் கண்ணாடியைக் கழற்றினாள். இரண்டு கண்ணும் செக்கச்செவேல் என்று இருந்தன.

நாங்கள் அந்த ஆட்டத்தில் தோற்றோம். அவள் அடுத்த வாரம் வந்து தன் இடத்தில் நின்றாள். வேறு ஒருவருக்கும் கண்வலி வரவில்லை.

அன்று மாலை வீடு திரும்பியதும் அக்கா வழக்கம்போல, “யாருக்காவது காய்ச்சலா?” என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, அத்தனை ஆண்டுகளில் முதல்முறையாக, “நீ எத்தனை பாயிண்டு எடுத்த?” என்றாள்.